பச்சை டிக் இருந்தால் போதாது, கேட்டுப் பார்க்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கணினிப் பக்கத்தில் பேக்கப், அதாவது கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல்களுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்து வைப்பது, பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் ஊர் வியாபாரிகளுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் முடிவில், மென்பொருளைப் போட்டுவிட்டுத் திரையின் மூலையில் பச்சை டிக் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாலே போதும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது போதாது. அதை நம்பி நாலரை மாதக் கணக்கைத் தொலைத்த ஒரு கடையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் கம்பத்தில் இருக்கிறேன். மலைக்கு மேலே குமுளி, புற்றடி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் வரைக்கும் ஏலக்காய்க் கடைகள், தோட்ட ஆபீஸ்கள், இந்தப் பக்கம் கூடலூரில் ஓர் அரிசி ஆலை, போடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் என்று மொத்தம் 41 கம்ப்யூட்டர்களுக்கு பேக்கப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்று ஒரு சின்ன மென்பொருள் போட்டிருக்கும். ராத்திரி குறித்த நேரத்துக்கு சர்வர், அதாவது பிரதிகளை வாங்கிச் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டர், நெட்வொர்க் வழியாக வந்து கதவைத் தட்டும், ஏஜென்ட் கதவைத் திறந்து அன்றைக்கு மாறின ஃபைல்களை எடுத்துக் கொடுக்கும், சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும். நான் வைத்திருப்பது பாக்குலா. கட்டற்ற மென்பொருள், 2002-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து பிரிந்துபோன பேரியோஸும் ஏறக்குறைய இதே மாதிரிதான். இதில் ஏஜென்ட் 9102 என்ற போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும், போர்ட் என்றால் அந்தக் கதவின் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடை குமுளியில் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்தோடு சொந்தத் தோட்டமும் உண்டு. பேக்கப்பை, அதுவும் இதே பாக்குலாதான், வேறு யாரோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், எனக்கும் அந்தக் கடைக்கும் அதுவரை பழக்கமில்லை. ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் இடி விழுந்து கணக்கு மிஷினின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். சர்வரில் பேக்கப் இருக்குமே, எடுத்துவிடலாம் என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். கடைசி பேக்கப் ஆனி மாதத் தேதியைக் காட்டியது. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, நேத்து வரைக்கும் பச்சையாத்தானே இருந்துச்சு?" என்றார். ஆமாம், பச்சையாகத்தான் இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ஆனி மாத மழையில் மோடம் கருகிப்போய்ப் புது ரவுட்டர் மாட்டியிருக்கிறார்கள். ரவுட்டர் மாறினதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, இந்த நெட்வொர்க்கில் மற்ற கம்ப்யூட்டர்கள் உங்களைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறது, கடைப்பையன் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் அழுத்துவார்கள். அந்த நொடியிலிருந்து நெட்வொர்க் பொது இடம் என்ற கணக்கில் போய்விட்டது, வெளியிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கிற ஃபயர்வால் 9102-ஐ மூடிவிட்டது. ஏஜென்ட் உள்ளே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது, அதனால் மூலையில் பச்சை. வெளியே சர்வர் ராத்திரிதோறும் வந்து தட்டித் தட்டித் திரும்பிப் போயிருக்கிறது. தோல்வி, தோல்வி என்று தினமும் மெயில் அனுப்பியும் இருக்கிறது, ஆனால் அந்த மெயில் போனது அதற்கு முந்தின வருஷமே வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையின் முகவரிக்கு.

இது ஏதோ மலைக்கடையில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார், சரி பேக்கப்பிலிருந்து எடுப்போம் என்று போனால், தினமும் ஓட வேண்டிய பேக்கப் மென்பொருளின் வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. உலகம் முழுக்க இருக்கிற புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைப் போட்டு வைத்து வேலை செய்கிற இணையதளம் அது. அதிர்ஷ்டவசமாக வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

குமுளிக் கடைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாலரை மாதம் என்றால் சும்மா இல்லை, அறுவடை தொடங்குகிற காலம், பச்சைக்காய் எடை, ஸ்டோரில் உலர்த்தினது, ஏலத்துக்கு அனுப்பினது, கொடுத்த அட்வான்ஸ், எல்லாம் அதில். அதைவிட எனக்கு மனசு கேட்காமல் போனது கூலிப் பதிவுதான். கம்பம், கோம்பைப் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் காய் எடுக்கப் போகிற பெண்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று அந்த மிஷினில்தான் ஏற்றியிருந்தார்கள். கணக்கு எழுதும் அக்கா துண்டுச்சீட்டுகளையும் எடைச்சீட்டுகளையும் ஒரு சாக்கு நிறையக் கொட்டி வைத்துக்கொண்டு பதினோரு ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினார். சம்பள நாளன்று ஓர் அம்மா வந்து, "ஆவணியில எனக்கு பத்தொன்பது பேரு, நீங்க பதினாறுன்னு போட்டுருக்கீங்களே" என்று நின்றார். யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. முதலாளி பத்தொன்பதுக்கே கொடுத்துவிட்டார், நல்ல மனுஷர். எல்லா இடத்திலும் அப்படி அமையுமா?

அப்புறம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாத்து வைக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வருக்குப் போக வேண்டும். அதிகாரி வந்து கேட்டால் பச்சையாக இருந்தது என்று சொல்ல முடியாது.

சரி, வேறு என்னதான் செய்வது? ஏஜென்ட்டைத் தினமும் கேட்க வேண்டும். அதுவும் கமாண்டில் கேட்க வேண்டும். கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக அடிக்கிற வேலையைச் சொல்கிறேன். அதைப் பார்த்தாலே நம் பிள்ளைகள் பயந்து எழுந்துவிடுகிறார்கள், அது பழைய காலத்து முறை என்றும் ஒரு பேச்சு. எனக்கு அதுதான் சோறு போடுகிறது. 41 மிஷினுக்கும் ஒவ்வொன்றாக ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது அதன் திரையையே இங்கே வரவழைத்து, நுழைந்து பார்ப்பது என்றால், நல்ல இணைப்பு இருக்கிற நாளிலேயே அரை நாள் போய்விடும். மழைக்காலத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் லைன் நூலாக இழுக்கும், படம் பாதி வந்து நிற்கும். நேரில் போகலாம் என்றால் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டத்துக்காக மலைப்பாதையை ஒருவழியாக்கிவிடுவார்கள், கம்பம்மெட்டு வழியாக ஏறிக் குமுளி வழியாகத்தான் இறங்க வேண்டும். கறுப்புத் திரைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. போகிறதும் வருகிறதும் வெறும் எழுத்து, செல்போன் சிக்னல் ஒரு கோடு இருந்தாலே ஓடிவிடும்.

காலையில் ஆறரை மணிக்கு நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். பாக்குலாவுக்கு பிகன்சோல் என்று ஒரு கமாண்ட் திரை உண்டு. அதில் ஸ்டேட்டஸ் கிளையன்ட் என்று அடித்து மிஷின் பெயரைக் கொடுத்தால், சர்வர் அந்த நிமிஷமே அந்த ஏஜென்ட்டின் கதவைத் தட்டிப் பார்க்கும். திறந்தால் ஏஜென்ட் தன் வெர்ஷனைச் சொல்லும், எப்போது கிளம்பினேன் என்று சொல்லும், கடைசியாக முடித்த வேலைகளை எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று வரிசையாகக் காட்டும். கதவு மூடியிருந்தால் ஒன்றும் வராது, காத்திருந்து காத்திருந்து இணைக்க முடியவில்லை என்று நிற்கும். குமுளிக் கடையில் இதை ஒரே ஒரு காலை யாராவது அடித்திருந்தால் ஆனி மாதமே தெரிந்திருக்கும். 41 பெயரையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கும்படி ஆறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடுகிற கமாண்ட் வரிசை, எழுதியிருக்கிறேன். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் பதில் சொன்னது யார், சொல்லாதது யார் என்று திரையில் இருக்கும்.

பதில் சொன்னால் மட்டும் ஆயிற்றா என்றால் அதுவும் இல்லை. போடி ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மிஷின். ஏஜென்ட் பதில் சொல்கிறது, ராத்திரி வேலையும் ஒழுங்காக முடிந்தது என்று டி (T) என்ற எழுத்தைக் காட்டுகிறது, ஆனால் பைட் கணக்கு மட்டும் திடீரென்று இளைத்துப்போய்விட்டது. எனக்குச் சந்தேகம். எஸ்டிமேட் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, பேக்கப் எடுக்காமலே, இப்போது எடுத்தால் எதையெல்லாம் எடுப்பேன் என்று ஏஜென்ட்டே பட்டியல் போட்டுக் காட்டும். அடித்துப் பார்த்தேன், பட்டியலில் கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளின் ஃபைல் ஒன்றுகூட இல்லை. போன் போட்டுக் கேட்டால், சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று டேலி டேட்டாவை டி (D) டிரைவுக்கு மாற்றிவிட்டார்களாம். ஏஜென்ட் சொன்ன இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே மீதி இருந்ததை மட்டும் எடுத்து, வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை, நாம்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. அதிலிருந்து ஃபைல் எண்ணிக்கையும் பைட்டும் முந்தின வாரத்தைவிடப் பாதிக்கும் கீழே போனால் அந்த மிஷின் பெயரைத் தனியாகக் காட்டும்படி ஸ்கிரிப்டை மாற்றிக்கொண்டேன்.

அந்த டி (T) போல டபிள்யூ (W) என்றும் ஓர் எழுத்து வரும், முடிந்தது ஆனால் எச்சரிக்கை உண்டு என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் அதையும் பாஸ் மார்க் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மெசேஜஸ் என்று அடித்து உள்ளே படித்தால், யாரோ கணக்கைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதால் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முடியவில்லை என்று இருக்கும். நமக்கு வேண்டியதே அந்த ஒரு ஃபைலாக இருக்கும்.

விண்டோஸ் பக்கமும் இரண்டு கமாண்ட் தெரிந்திருந்தால் நல்லது. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் சர்வீஸ் கிளம்பாமல் நின்றுவிடும். எஸ்சி என்ற கமாண்டை வைத்து, ஏஜென்ட் சர்வீஸ் விழுந்தால் ஒரு நிமிஷம் கழித்து நீயே எழுப்பிவிடு என்று விண்டோஸிடம் ஒருமுறை சொல்லி வைத்துவிடலாம். அதில் ஒரு சின்ன சங்கதி, சமக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டுத்தான் மதிப்பை எழுத வேண்டும். முதன்முதலில் அந்த இடைவெளி தெரியாமல் ஒரு முழு மதியத்தைத் தொலைத்தேன். தமிழில் எங்கேயாவது யாராவது இதை எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இன்னொன்று விஎஸ்எஸ்அட்மின். திறந்திருக்கிற ஃபைலையும் ஒரு நொடி உறைய வைத்துப் பிரதி எடுக்க விண்டோஸில் இருக்கிற ஏற்பாடு நலமாக இருக்கிறதா என்று இதில் பார்க்கலாம். இதே கமாண்டைத் திருடனும் பயன்படுத்துகிறான் என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வான்னாக்ரை வைரஸ் வந்ததே, கேரளாவில் வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து ஆபீஸிலும், பாலக்காட்டில் ரயில்வே கோட்ட ஆபீஸிலும்கூட கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டனவே, அது உள்ளே நுழைந்ததும் விஎஸ்எஸ்அட்மினைக் கூப்பிட்டு, அப்படி உறைய வைத்து எடுத்த நிழல் பிரதிகளை அழித்துவிட்டு, டபிள்யூபிஅட்மினைக் கூப்பிட்டு விண்டோஸின் சொந்த பேக்கப் பட்டியலையும் அழித்தது. எல்லாம் ஒரே வரியில். வீட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்று திருடனுக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை என்றால் எப்படி? இதனால்தான் அதே மிஷினில் செருகியே வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க்கைப் பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஏஜென்ட் கொடுக்க மட்டும் வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததை அழிக்கிற அதிகாரம் அதன் கையில் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டும் மிஷினுக்கு ஒன்றாக வேறு வேறு வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒன்றே வைத்தால் ஒரு மிஷினில் அதைப் படித்தவன் 41-க்குள்ளும் சர்வர் என்று சொல்லிக்கொண்டு புகுந்துவிடுவான்.

கமாண்ட் கையில் வந்ததும் எல்லா மிஷினுக்கும் ஒரே தட்டில் அப்டேட் போட்டுவிடலாம் என்று ஓர் ஆசை வரும், அதைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன, விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது பேக்கப் ஏஜென்ட் இல்லை, பாதுகாப்பு ஏஜென்ட். ஆனால் இரண்டும் மிஷினுக்குள் உயர்ந்த அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறவைதான். நான் முதலில் சர்வரை ஏற்றுவேன், பாக்குலாவில் ஏஜென்ட் பழசாக இருந்தால் பரவாயில்லை, சர்வரைவிடப் புதுசாக இருக்கக் கூடாது. அப்புறம் என் சொந்த மிஷின், ஒரு வாரம் கழித்துக் கூடலூரில் ஒன்று, அங்கே ராத்திரி வேலை ஒழுங்காக முடிந்தால்தான் மற்றவை. அறுவடைக் காலத்தில் தொடவே மாட்டேன்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு தோட்ட ஆபீஸில் ஃபைல் பெயரையே ஒரு கடிதம் மாதிரி வைப்பார்கள், தோட்டத்தின் பெயர், மேஸ்திரி பெயர், மாதம், எந்த மலைச்சரிவு என்று எல்லாமே. விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிற சர்வரில் ஃபைலை ஃபைலாகவே வைக்கிற பேக்கப் முறையில், பெயர் நீளமாக இருக்கிறது என்று சிலவற்றை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. லினக்ஸில் ஃபைல் பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், யூனிகோடில் தமிழுக்கு மூன்று பைட் வேண்டும், அதிலும் கு என்று எழுதினால் க ஒன்று, உகரக் குறி ஒன்று என்று ஆறு பைட். ஆக, நமக்கு எண்பத்தைந்து குறிகளுக்குள் பெயர் முடிந்துவிட வேண்டும். அதற்காகத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சுருக்கமாக வையுங்கள். விண்டோஸின் பழைய கறுப்புத் திரையில் அந்தப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள், ஃபைல் கெட்டுப்போகவில்லை, திரைக்குத்தான் எழுத்துரு இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவது நாலு மிஷினிலிருந்து ஒரு ஃபைலை ரீஸ்டோர் கமாண்டில் வேறு ஃபோல்டருக்கு எடுத்து, அந்தந்தக் கடைக்காரரையே திறந்து பார்க்கச் சொல்வேன். பத்து நிமிஷ வேலை. "அண்ணே, அதான் நல்லா ஓடுதே, எதுக்கு?" என்று கேட்பார்கள். குமுளிக் கடையில் மட்டும் கேட்பதில்லை. அந்தக் கணக்கு அக்காவே இப்போது தினமும் காலையில் ஸ்டேட்டஸ் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டேலியைத் திறக்கிறார், பத்தாவது வரை படித்தவர், ஒரே மாலையில் கற்றுக்கொண்டார். ஒரு தாளில் மூன்று கமாண்டைத் தமிழ் உச்சரிப்போடு எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். நம் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஆபீஸ், டேலி, டிடிபி சொல்லித் தருகிறார்கள், கறுப்புத் திரையைத் திறந்து காட்டுகிற ஒரு சென்டரை நான் பார்க்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள், தமிழ் வழியில் படிக்கிற நம் பிள்ளைகளும் சேர்த்து. அவர்களுக்குக் கை கூசுவதில்லை என்பதை அங்கே வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன். உங்கள் கணினிப் பக்கத்தில் மாதம் ஒரு வாரம் கமாண்டுக்கு என்று ஒதுக்குங்கள். ஏஜென்ட்டை எப்படிக் கேட்பது, டபிள்யூ வந்தால் என்ன செய்வது, ரவுட்டர் மாற்றினால் எதைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகத் தமிழில் வரட்டும். என்னிடம் இருக்கிற ஸ்கிரிப்டையும் வரி வரியாக விளக்கத்தோடு எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். அதற்கு முன்னால் அந்தப் பச்சை டிக் வரிக்கு மட்டும் வரும் ஞாயிறே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், அறுவடை ஆரம்பிக்கப் போகிறது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை செய்யும் வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்.